கசிவைத் தேடிப் பிடிக்கும் கராஜ்: ஹட்டன்–தலவாக்கலை வீதியில் எயார் சஸ்பென்ஷன் வேலை

மலையகத்தில் ஓடும் லொறிகளில் பெரும்பாலானவை இன்னமும் பட்டை ஸ்பிரிங்கின் மேலேயே நிற்கின்றன. ஆகையால், பின் அச்சில் எயார் சஸ்பென்ஷன், அதாவது பாரத்தைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பைகள் (எயார் பேக்), பூட்டிய ஜப்பானிய ரீகண்டிஷன் லொறி வைத்திருப்பவருக்கு அதில் பழுது வந்தால் போவதற்கு இடம் குறைவு. எயார் பிரேக் வேலை தெரிந்த பாஸ்மார் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். கைத்திறனில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் இரவில் நேராக நிறுத்திய லொறி விடியும்போது ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது என்று சொன்னவுடன், எந்தச் சாமானை மாற்றலாம் என்ற பேச்சுத்தான் முதலில் எழுகிறது. காற்று எந்த இடத்தால் போகிறது என்ற கேள்வி, இரண்டு சாமான்களை மாற்றிப் பணம் செலவான பின்னரே வருகிறது. ஏ7 வீதியில் கொட்டகலையைக் கடந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில், மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய சிறு நிலத்தில் நடக்கும் கராஜ் ஒன்றில் அந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார்கள். முகப்பில் எயார் பிரேக் வேலைகள் என்று மூன்று மொழியிலும் எழுதிய தகரப் பலகையைத் தவிர வேறு பெயர் அதற்கு இல்லை. பாஸ் தமது பெயர் எழுத்தில் வருவதை விரும்பவும் இல்லை. ஆகவே இடத்தை மட்டும் சொல்லி, அங்கு நடந்த வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனது லொறி மூடிய பெட்டி கொண்ட நடுத்தர ரகம். லிந்துலைப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து தேயிலை மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்குவதும், பருவத்தில் கரட்டும் கோவாவும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போவதும் அதன் தொழில். உள்ளதைச் சொன்னால், தேயிலை மூட்டைக்கு எயார் சஸ்பென்ஷன் தேவையே இல்லை. எந்தக் குலுக்கலுக்கும் அது அசையாது. ஜப்பானில் குலுங்கக்கூடாத சரக்குகளை ஏற்றுவதற்கென்று வாங்கப்பட்ட வண்டி, வயதான பின் இந்த மலைப்பாதைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டதால், இடைப்பட்ட காலத்தில் என்னைப் போன்றவர்கள் கையில் இருந்த வண்டியைப் பேணிக் காப்பாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. பழைய ரப்பரும் பழைய குழாய்களும் அதனாலேயே இன்னும் வீதியில் இருக்கின்றன.

பழுது இதுதான்: மாலையில் நிறுத்தினால் காலையில் இடது பின்பக்கம் தணிந்திருக்கும். இயந்திரத்தை இயக்கியதும் மெல்ல எழும்பி நேராகிவிடும். பகல் முழுவதும் ஒரு குறையும் தெரியாது. வேறொரு ஊரில் உள்ள கராஜில் இடது எயார் பேக்கைக் கழற்றி, அதன் மேற்பரப்பில் வெடிப்புக் கோடுகள் இருப்பதைக் காட்டிப் புதிதாக ஒன்றைப் பூட்டித் தந்தார்கள். அதன் பின்னரும் லொறி அதே பக்கம் தணிந்தது. அடுத்ததாக வலது பேக்கையும் மாற்றச் சொன்னார்கள். பிறகு, இந்தத் தொல்லையே வேண்டாம், பட்டை ஸ்பிரிங் அடித்துவிடலாம் என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் தலவாக்கலையில் ஒரு சாரதி சொல்லி இந்தக் கராஜுக்குப் போனேன்.

பாஸ் லொறியின் அடியில் குனிவதற்கு முன் கேள்விகளைத்தான் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் தணிகிறதா, இரண்டு பக்கமுமா? பாரத்தோடு நின்றால் விரைவாகத் தணிகிறதா, வெறுமையாக நின்றாலா? காலையில் காற்று டேங்கின் அமுக்க மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது? கடைசிக் கேள்விக்கு எனது சாரதியிடம் பதில் இருந்தது. இரவு 8 பாரில் விட்ட மீட்டர் காலையில் ஐந்தரைக்கு அருகில் நிற்கும். விடுமுறையில் தொடர்ந்து நிறுத்தியிருந்தபோதும் அதற்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை என்றான். “அப்படின்னா பாதி வேலை முடிஞ்சுது தம்பி” என்றார் பாஸ்.

அவர் அப்படிச் சொன்னதன் காரணம், எயார் சஸ்பென்ஷன் வைத்திருக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டியது. கொம்பிரசர் நிரப்பும் காற்றைப் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பங்கிட்டுக்கொள்கின்றன. எயார் பேக் ஒன்று கிழிந்து பிரேக்குக்குரிய காற்றையும் வெளியேற்றிவிடக் கூடாது என்பதற்காக, சஸ்பென்ஷனுக்குப் போகும் பாதையில் ஒரு புரொடெக்ஷன் வால்வ் இருக்கிறது. டேங்க் அமுக்கம் ஒரு குறித்த அளவுக்குக் கீழே வந்தால், பல லொறிகளில் அது 5க்கும் 6 பாருக்கும் இடையில், அந்த வால்வ் மூடிக்கொண்டு மிச்சத்தைப் பிரேக்குக்காகக் காத்து வைக்கிறது. எயார் பேக்கிலோ அதற்குப் போகும் குழாயிலோ கசிவு இருந்தால், அந்தப் பக்கம் தணியத் தணிய, உயரத்துக்கேற்பப் பேக்குக்குக் காற்றை விடும் லெவலிங் வால்வின் கை மேலே தள்ளப்பட்டு, இயந்திரம் நின்றிருக்கும்போதும் டேங்கிலிருந்து காற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டேங்க் ஐந்தரைக்கு வந்ததும் புரொடெக்ஷன் வால்வ் கதவைச் சாத்தும். அதன் பின்னரே லொறி கண்ணுக்குத் தெரியும்படி சரியும். ஆகவே மீட்டர் இடையில் ஓர் இடத்தில் இறங்கி நின்றுவிட்டால் கசிவு சஸ்பென்ஷன் பக்கம்; நில்லாமல் பூச்சியம் நோக்கிப் போனால் பிரேக் பாதையிலோ டேங்கிலோ அதன் வடிகால் திருகிலோ தேட வேண்டும். மீட்டர் இறங்கியும் லொறி நேராக நின்றால், பேக்குகளை விட்டுவிட்டு லெவலிங் வால்வுக்கு முன்னால் உள்ள பாதையைப் பார்க்க வேண்டும். முந்திய கராஜில் எவரும் அந்த மீட்டரைப் பார்க்கவில்லை.

அடுத்து அவர் செய்தது லொறியைச் சமதளத்தில் நிறுத்தியது. இது சிறிய விடயம் போலத் தோன்றலாம். மலையகத்தில் அவ்வாறு அல்ல. லயத்துக்கு அருகிலோ தொழிற்சாலை வாசலிலோ நாங்கள் லொறி நிறுத்தும் இடங்களில் ஒரு பக்கமாவது சரிவில்லாத நிலம் கிடையாது. சரிவில் நின்றால் பாரம் தாழ்ந்த பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கம் சற்றுத் தணிவது கசிவு இல்லாமலேயே நடக்கும். இந்தக் கராஜில் நீர்மட்டம் பார்த்துப் போட்ட கொங்கிரீட் தளம் ஒன்று இருக்கிறது. ஒரு லொறிக்கு மட்டுமே இடமுண்டு. எனது கருத்தில் இந்த வேலைத்தளத்தின் மிகப் பெறுமதியான கருவி அந்தத் தளம்தான்.

சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தடுப்புக் கட்டைகள் வைத்து, கொம்பிரசர் தானாக நிரப்புவதை விடும் அளவுக்கு டேங்கை நிரப்பி, இயந்திரத்தை நிறுத்தி, அச்சின் மையத்திலிருந்து செசியின் அடிப்பாகம் வரை இரு பக்கமும் அளந்து, அந்த உயரத்தையும் மீட்டர் அளவையும் நேரத்தையும் செசியிலேயே சோக்கினால் எழுதினார். எவரும் செசிக்கு அடியில் போவதற்கு முன் இருபக்கமும் இரும்புத் தாங்கிகள் வைக்கப்பட்டன. காற்றினால் தாங்கப்படும் லொறி எந்த நொடியிலும் தணியக்கூடும் என்பதும், தணியும்போது சில்லுக்கும் செசிக்கும் இடையில் ஒரு மனிதத் தலைக்கு இடமிருக்காது என்பதும் தெரிந்த கதைதான். இருந்தும் தாங்கி வைக்காமல் தவழ்ந்து போகும் பையன்களை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த விடயத்தில் பாஸ் யாரையும் விட்டுவைப்பதில்லை. வேலை பழகும் பையன் ஒருவன் தாங்கி சரியாக அமர்வதற்கு முன் கையை நீட்டியதற்கு வாங்கிய ஏச்சு வீதிவரை கேட்டது.

சோதனையின் அளவுகோல் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சையில், தனி லொறி ஒன்றின் இயந்திரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்த நிலையில், ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் அமுக்கம் இறங்கக்கூடாது; பிரேக்கை மிதித்தபடி 3 பிஎஸ்ஐ. இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு இதைச் சொல்லும் சாரதிகள் இங்கும் உண்டு. வீதியில் ஓடும்போது பிரேக் பிடிக்குமா என்பதற்கு அது நல்ல சோதனை. ஆனால் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ வீதம் தொடர்ந்து இறங்கினால், அதாவது சுமார் 0.14 பார், 8 பார் ஒரு மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். எங்கள் லொறி தணிய ஓர் இரவு எடுத்தது. அவ்வளவு மெல்லிய கசிவு அந்தச் சோதனையில் எந்தச் சிரமமுமின்றித் தேறிவிடும். பாஸ் ஆகவே லொறியை இரவு முழுவதும் தம்மிடம் விட்டுப்போகச் சொல்கிறார். பலருக்கு இது பிடிப்பதில்லை. எனக்கும் ஒரு நாள் வாடகை போனது. ஆயினும் வேறு வழியில் இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இரவுச் சோதனையில் அவர் கணக்கில் எடுக்கும் மற்றொரு விடயம் குளிர். மூடிய டேங்கில் உள்ள காற்றின் அமுக்கம் வெப்பநிலையோடு சேர்ந்து இறங்கும். இயந்திரம் நிறுத்தும்போது 30 பாகை செல்சியஸில் இருந்த டேங்க் விடியற்காலையில் 10 பாகைக்கு வந்தால், ஒரு சொட்டுக் காற்றும் வெளியேறாமலேயே 8 பார் காட்டிய மீட்டர் ஏறத்தாழ 7.4க்கு வந்துவிடும். தை மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படியும் காலங்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். அதேபோல, 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வளி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஐதானது. கொம்பிரசரின் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போகும் காற்று குறைவதால் டேங்க் நிரம்புவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். கொழும்பில் விரைவாக நிரம்பும் டேங்க் மேலே வந்ததும் மந்தமாகிறது என்று சொல்லிக் கொம்பிரசரைக் கழற்றுவது வீண் வேலை. இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் குளிரில் இறுகி, விடியற்காலையில் மட்டும் கசிந்து, வெயில் ஏறியதும் அடைத்துக்கொள்வதும் உண்டு. அவற்றைப் பகல் பன்னிரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது. ஆகவே பாஸின் உண்மையான வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது.

காலையில் இடது பக்கம் தணிந்திருந்தது. வலது பக்கமும் சிறிதளவு தணிந்திருந்ததைச் சோக்குக் கோடு காட்டியது. அதை நாங்கள் அதுவரை கவனித்ததில்லை. மீண்டும் டேங்கை நிரப்பிய பின் சவர்க்கார நீர் வந்தது. அதை அவர் விசிறுவதில்லை. மெல்லிய பெயின்ற் தூரிகையால் தடவுகிறார். விசிறினால் விசிறும்போதே நுரை உண்டாகி, எது கசிவின் குமிழ், எது விசிறியதன் குமிழ் என்று தெரியாமல் போகும் என்பது அவரது விளக்கம். டேங்கில் தொடங்கி, இணைப்புகள் ஒவ்வொன்றாக, லெவலிங் வால்வின் மூன்று வாய்கள், பிறகு எயார் பேக்கின் மேல்தட்டும் அடியில் அது பிஸ்டனோடு சேரும் விளிம்பும் என்று காற்று போகும் வழியே அவரும் போனார். வேறு இடத்துக்குத் தாவுவதில்லை. கண்ணுக்குப் படாத மறைவான பக்கங்களுக்குச் சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். அவரிடம் கையடக்கமான கசிவு கேட்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ் வரையே எட்டும். நுண்ணிய துவாரத்தால் பீறும் காற்று அதற்கு மேலும் ஒலி எழுப்புகிறது. அக்கருவி 40 கிலோஹேர்ட்ஸ் அளவிலுள்ள ஒலியைப் பிடித்துக் காதுக்குக் கேட்கும்படி மாற்றித் தருகிறது. எந்த மூலையில் தேடுவது என்று அது சொல்லும். எந்தத் துவாரம் என்று நுரைதான் சொல்லும். மழை தகரக் கூரையில் அடிக்கும்போது அந்தக் கருவி அவ்வளவாக உதவாது என்று அவரே சொன்னார்.

புதிதாகப் பூட்டிய எயார் பேக்கில் ஒரு குமிழும் இல்லை. கழற்றி எடுத்திருந்த பழைய பேக்கையும் நான் லொறியிலேயே வைத்திருந்தேன்; அதையும் பார்த்தார். ரப்பரின் மேல்தோலில் வெயிலாலும் வயதாலும் விழும் மெல்லிய கோடுகளை வைத்து மட்டும் ஒரு பேக்கைக் கழித்துவிடக் கூடாது, உள்ளிருக்கும் நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு ஆழமாகப் போயிருந்தால், அல்லது ஓரிடம் புடைத்திருந்தால் மட்டுமே உடனே மாற்ற வேண்டும் என்றார். “அண்ணே, பேக்கை மாத்துறது லேசு. இது இன்னும் ஓடியிருக்கும்.” பையன் ஒருவன் அந்தப் பழைய பேக்கில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கலாமே என்று கேட்டபோது அவர் உறுதியாக மறுத்தார். மேலும் கீழும் பிடிமானமில்லாமல் எயார் பேக்கில் காற்றடிப்பது கூடாது. அது கட்டுமீறி நீண்டு, பிஸ்டனைத் துப்பாக்கிக் குண்டு போல எறிந்துவிடும். சில கராஜ்களில் டயர் டியூப்பைப் பார்ப்பதுபோல இதைச் செய்கிறார்கள் என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

கசிவு இருந்தது லெவலிங் வால்விலிருந்து இடது பேக்குக்குப் போகும் நைலோன் குழாயில். குறுக்குச் சட்டத்தின் மேல் அது வளைந்து போகும் இடத்தில் பிடிப்புக் கிளிப் கழன்று போயிருந்தது. கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள வளைவுகளில் செசி முறுகும் ஒவ்வொரு முறையும் குழாய் இரும்பில் உரசி, சட்டத்தை நோக்கிய பக்கத்தில் தேய்ந்து ஊசிமுனைத் துவாரமாகியிருந்தது. லொறி முழு உயரத்தில் நிற்கும்போது குழாயின் வளைவு அந்தத் துவாரத்தைச் சட்டத்தோடு அழுத்திப் பெரும்பாலும் மூடிவைத்திருந்தது. சற்றுத் தணிந்ததும் குழாய் விலகித் துவாரம் திறந்துகொண்டது. பகலில் தேடியவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது அதன் பின்னரே விளங்கியது. பாஸ் இதைக் கண்டது, பேக்கின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு உயரத்திலும் நுரையைத் திரும்பத் தடவிப் பார்த்ததால். இவ்வளவு பொறுமையான கையை நான் வேறு கராஜில் கண்டதில்லை.

வலது பக்கத்தில் குற்றவாளி லெவலிங் வால்வே. அதன் வெளியேற்றும் வாயில் நுரை மெல்ல உப்பியது. வெளியேற்றும் வாயில் காற்று வருகிறது என்பதற்காக வால்வைக் குற்றம் சொல்லிவிட முடியாது. கைத்தண்டின் அளவு பிழையாக இருந்தாலும், லொறி இருக்க வேண்டிய உயரத்துக்கு மேல் நிற்கிறது என்று எண்ணி வால்வ் தன் கடமையாகவே காற்றை வெளியே விடும். ஆகவே இணைப்புத் தண்டைக் கழற்றி, கையை மேலே தூக்கிக் காற்று உள்ளே போவதையும், கீழே இறக்கி வெளியே வருவதையும் பார்த்து, பின் நடுநிலையில் வைத்துக் காத்திருந்தார். நடுநிலையில் நின்றும் குமிழ் வந்துகொண்டிருந்தது. பழுது உள்ளேதான்.

கழற்றிய வால்வின் உள்ளே வெள்ளைத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த சேறு படிந்திருந்தது. அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்பதை அவர் விளக்கிய விதமே இந்தக் கராஜை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம். எயார் ட்ரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. மலையகத்து மூடுபனியில் கொம்பிரசர் உள்ளிழுக்கும் ஈரம் அதிகம்; இறக்கத்தில் பிரேக்கை அடிக்கடி மிதிப்பதால் கொம்பிரசருக்கு ஓய்வும் குறைவு. வளையம் தேய்ந்த கொம்பிரசர் எண்ணெயையும் சேர்த்து அனுப்பினால், மணிகள் எண்ணெய் குடித்து ஈரத்தைப் பிடிக்காமல் போகும், பின் உடைந்து தூளாகும். அந்தத் தூளும் நீரும் காற்றோடு சேர்ந்து வால்வுகளின் இருக்கைகளில் போய்ப் படியும். வால்வை மட்டும் மாற்றிவிட்டு ட்ரையரை விட்டால், புதிய வால்வுக்கும் அதே கதிதான். எங்கள் டேங்கின் வடிகாலைத் திறந்தபோது பால் கலந்த தேநீர் நிறத்தில் நீர் கொட்டியது. ட்ரையரின் கார்ட்ரிட்ஜையும் மாற்றினோம். டேங்கைக் கிழமைக்கு ஒருமுறை அல்ல, ஒவ்வொரு நாளும் வடிக்கும்படி சாரதியிடம் சொல்லப்பட்டது.

குழாய் மாற்றிய விதமும் சுத்தமாக இருந்தது. வாள் தகட்டால் அறுக்காமல், குழாய் வெட்டும் கருவியால் நேர்க்குறுக்காக வெட்டினார். சாய்வாக வெட்டிய முனை, தள்ளிப் பூட்டும் இணைப்பில் ஒரு பக்கம் ஓ-ரிங்கைத் தொடாமல் நின்று, அடுத்த கசிவைத் தானே உண்டாக்கும். புதிய குழாயைச் சட்டத்தின் மேலால் அல்ல, பக்கத்தால் கொண்டுபோய், உரசும் இடத்தில் ரப்பர் உறை போட்டுக் கிளிப்பால் பிடித்தார். புதிய வால்வைப் பூட்டிய பின், அதே சமதளத்தில் உயரத்தை அளந்து இணைப்புத் தண்டைச் சரிப்படுத்தினார். இரண்டு பக்கத்து ஷொக்குகளின் போல்ட்டுகளையும் முறுக்கிப் பார்த்தார். சில்லு பள்ளத்தில் இறங்கும்போது எயார் பேக் அளவுக்கு மேல் நீளாமல் பிடிப்பது ஷொக்குதான் என்பதால், அது கழன்ற லொறியில் எத்தனை பேக் மாற்றினாலும் நிற்காது. மறுநாள் காலை சோக்குக் கோடும் மீட்டரும் குளிருக்குரிய இறக்கத்தைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

பட்டை ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமா என்று நான் அவரிடமும் கேட்டேன். செய்யலாம், பலர் செய்கிறார்கள், ஆனால் பிரேக்கை யோசிக்காமல் செய்யக்கூடாது என்றார். எயார் சஸ்பென்ஷன் உள்ள சில லொறிகளில் பின் பிரேக்குக்குப் போகும் காற்றின் அளவைத் தீர்மானிக்கும் வால்வ், பாரம் எவ்வளவு என்பதை எயார் பேக்கின் அமுக்கத்தைக் கொண்டே அறிகிறது. பேக்கை அகற்றிவிட்டு அந்த வால்வை அப்படியே விட்டால், முழுப் பாரத்தோடு இறங்கும்போதும் அது லொறியை வெறுமையானது என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பேக் கசிந்து அமுக்கம் இறங்கிய லொறிக்கும் இதுவே பொருந்தும். கடுகண்ணாவை இறக்கத்திலோ ரம்பொடை வளைவுகளிலோ அதன் பொருள் என்ன என்பதை இவ்வழி ஓடும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எயார் சஸ்பென்ஷன் கசிவை, இருக்கை கொஞ்சம் குலுங்கும் என்ற வசதிக் குறைவாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஒன்றையாவது கருத்தில் கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒரே தளம் என்பதால் வரிசை நீளம். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லாமல் போனால் வீதியோரத்தில் நிற்க வேண்டும், அங்கு வீதி குறுகலானது. போயா தினத்திலும் ஞாயிறன்றும் பூட்டியிருக்கும். சாமான் இருப்பு மிகக் குறைவு: நைலோன் குழாய், இணைப்புகள், கிளிப்புகள், ட்ரையர் கார்ட்ரிட்ஜ் சில வகை ஆகியவற்றைத் தவிர மற்றவை கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர வேண்டும். எனது வால்வ் வந்துசேரும்வரை லொறி நின்றது. பாவித்த எயார் பேக்கை அவர் பூட்டித் தருவதில்லை. ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வயதாகும் என்று சொல்லி, புதியதிலும் தயாரித்த ஆண்டைத் தேடிப் பார்க்கிறார். மலிவாக முடிக்க நினைப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மின்னணுக் கட்டுப்பாட்டில் உயரத்தைச் சரிசெய்யும் புதிய ஐரோப்பிய லொறிகளை அவர் ஏற்பதில்லை. அதற்குரிய கணினிக் கருவி தம்மிடம் இல்லை என்று நேரடியாகச் சொல்லிக் கொழும்புக்கு அனுப்பிவிடுகிறார். குழாயும் இணைப்பும் எல்லா லொறியிலும் ஒன்றுதானே, அதையாவது பார்த்துத் தரலாமே என்பது எனது அபிப்பிராயம்.

கட்டணத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்: கசிவைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு தொகை, பழுது பார்ப்பதற்கு வேறொரு தொகை. வேலையை வேறிடத்தில் செய்தாலும் முதல் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். வரிசையில் நின்ற சாரதி ஒருவர், பார்த்துச் சொன்னதற்குக் காசா என்று முணுமுணுத்தார். நான் அதற்கு முன் தேவையில்லாமல் மாற்றிய ஒரே ஒரு எயார் பேக்கின் விலையில், இங்கு கண்டுபிடிக்கும் கூலியைப் பல தடவை கொடுத்திருக்கலாம். பற்றுச்சீட்டு கையால் எழுதியதுதான், ஆனால் கழற்றிய ஒவ்வொரு சாமானையும் பையில் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். தேய்ந்த குழாய்த் துண்டில் துவாரத்தைச் சுற்றிப் பேனையால் வட்டமிட்டிருந்தது.

போக நினைப்பவர்கள் லொறியை வெறுமையாக்கிக்கொண்டு, பெட்டிக்கு அடியிலும் செசியிலும் படிந்த சேற்றைக் கழுவிக்கொண்டு, முந்திய நாள் பின்னேரமே போய்ச் சேர்வது நல்லது. சேற்றின் மேல் நுரை தடவ அவர் மறுத்துவிடுவார், கழுவுவதற்குத் தனியாகக் கூலியும் எடுப்பார். அதற்கு முன் வீட்டில் இரண்டு மூன்று இரவுகள், நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் மீட்டர் அளவைக் குறித்து வைத்திருங்கள். பழைய ஜப்பானிய மீட்டர்களில் உள்ள கிலோவும் (சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோ என்ற அளவு) பாரும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் எதில் குறித்தாலும் பாதகமில்லை. எந்தப் பக்கம் தணிந்தது, நிறுத்திய நிலம் எந்தப் பக்கம் சரிவு என்பதையும் அதனோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைக் கொடுத்தால், இரவுச் சோதனைக்கு லொறியை விட்டுப்போகாமலேயே அன்றைக்கே வேலையைத் தொடங்க அவர் சம்மதிப்பதும் உண்டு.